கையால் சுழற்றிக் கிளப்பும் ஜே-3 கப்: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிப்பது

பைப்பர் ஜே-3 கப் விமானம் 1938 முதல் 1947 வரை, பெரும்பாலும் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில் தயாரானது. பேட்டரி, ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர் எதுவும் இதில் கிடையாது. விண்ட்ஷீல்டுக்கு முன்னால் உள்ள 12 கேலன் டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. தீப்பொறியை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு மக்னீட்டோக்கள் தாமே உண்டாக்குகின்றன. இந்தியாவின் ஃபிளையிங் கிளப்புகளில் பறந்த எச்ஏஎல் புஷ்பக்கின் சி90-8எஃப் எஞ்சினும் கப்பின் ஏ-65-8 எஞ்சினும் ஒரே கான்டினென்டல் குடும்பம். அந்த '8' வந்தால் ஸ்டார்ட்டர் இல்லை என்று பொருள். கீழே உள்ளது 65 குதிரைத்திறன் ஏ-65 எஞ்சினும் ஸ்ட்ராம்பெர்க் என்ஏ-எஸ்3 கார்புரேட்டரும் உள்ள கப்புக்கு எழுதியது. மற்ற விமானங்களுக்கு எண்கள் மாறலாம், அவற்றின் கையேடே அங்கே முடிவானது.

எந்த அறிகுறியானாலும் பிளேடைத் தொடுமுன் செய்ய வேண்டியவை மாறாது. இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் கட்டை வையுங்கள். வால் சக்கரத்தின் ஸ்பிரிங்கில் கயிறு போட்டுத் தரையில் அடித்த முளையோடு கட்டுங்கள். வாலின் மெல்லிய குழாய்களிலோ துணிப் பரப்பிலோ கட்டக் கூடாது. உள்ளே உட்காருபவருக்குக் குதிகாலால் மிதிக்கும் பிரேக், த்ராட்டில், ஸ்விட்ச் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். பயணியை உட்கார வைத்து 'சும்மா பிரேக்கை மிதிங்க' என்று சொல்வதைவிட ஆளில்லாமல், வாலைக் கட்டிக் கிளப்புவது மேல். நிற்கும் இடம் காய்ந்த, உறுதியான தரையாக இருக்கட்டும். ஈரப் புல், சரளைக் கல், எண்ணெய் சிந்திய சிமெண்ட் ஆகியவற்றில் கால் வழுக்கினால் உடல் முன்னால்தான் சாயும். துண்டு, தொங்கும் அடையாள அட்டை, மோதிரம், தளர்ந்த சட்டைக் கை எல்லாம் கழற்றி வைக்க வேண்டியவை.

பேச்சும் சடங்கு போல இருக்கட்டும். வெளியே நிற்பவர் "ஸ்விட்ச் ஆஃப், பெட்ரோல் ஆன், த்ராட்டில் குளோஸ், பிரேக்" என்பார். உள்ளே இருப்பவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துத் திருப்பிச் சொல்வார். பிறகு "காண்டாக்ட்" (ஸ்விட்ச் ஆன்) என்று கேட்டு, அதே சொல் பதிலாக வந்த பின்தான் இழுப்பு. தலையாட்டலும் கைச் சைகையும் பதில் ஆகாது.

முன்னால் நின்று எஞ்சினைப் பார்த்தால் கீழே இறங்கி வரும் பிளேடு உங்கள் இடப்பக்கம் இருக்கும். கம்ப்ரஷன் தட்டுப்படும்போது அது கிடைமட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 45 பாகையில் நிற்க வேண்டும். விரல்களைப் பின் விளிம்பில் வளைத்துப் பிடிக்காதீர்கள், உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். இழுத்த கை கீழே போகும் வேகமே உங்களைப் பின்னால் ஓரடி எடுத்து வைக்கச் செய்ய வேண்டும். பழைய புல்லட்டைக் கிக்கரில் உதைத்துப் பழகியவர்களுக்குக் கம்ப்ரஷனைத் தேடிப் பிடிக்கும் அந்த உணர்வு புரியும். ஆனால் புல்லட் திருப்பி அடித்தால் கணுக்கால்தான் போகும். இங்கே சுழல்வது ஆறடி நீள மரக்கட்டை.

பிளேடை இழுத்தால் 'டிக்' சத்தம் வரவில்லை

இந்த எஞ்சின் தரும் முதல் சேதி இந்த டிக். மக்னீட்டோவில் உள்ள இம்பல்ஸ் கப்ளிங், மெதுவான சுழற்சியில் மக்னீட்டோவைச் சற்றுப் பிடித்து வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் ஸ்பிரிங் வேகத்தோடு விடுவிக்கிறது. அதனால் இரண்டு நன்மை: தீப்பொறி பலமாகிறது, தாமதமாகவும் வருகிறது. ஓடும்போது உச்சிக்கு 30 பாகை முன்னால் வர வேண்டிய பொறி, கிளப்பும்போது உச்சியை ஒட்டி வந்தாக வேண்டும்.

ஸ்விட்ச் ஆஃபில் இருக்க, பிளேடைச் சுழலும் திசையில் மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் ஒரு டிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே இருக்கும் கொக்கிகள் பிசின் போல இறுகிய எண்ணெயில் ஒட்டியிருக்கலாம், அல்லது முனை தேய்ந்திருக்கலாம். குளிர் நாட்டில், ஒரு மாதம் நிறுத்தி வைத்த விமானத்தில் ஒட்டிக்கொள்வது சகஜம். எஞ்சினைச் சூடேற்றிய பின் டிக் திரும்பினால் சுத்தம் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பாவிட்டால் மக்னீட்டோவைக் கழற்றிப் பாருங்கள். டிக் இல்லாத எஞ்சினைக் கையால் கிளப்ப முயல வேண்டாம். அதன் காரணம் 'திருப்பி அடிக்கிறது' என்ற பகுதியில் இருக்கிறது.

டிக் வருகிறது, எஞ்சின் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை

முதலில் ஸ்விட்ச் உண்மையிலேயே ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பில் அது இடப்பக்கம் தலைக்கு மேலே இருக்கிறது. முன்சீட்டில் இருப்பவரும் பின்சீட்டில் இருப்பவரும், மற்றவர் போட்டுவிட்டார் என்று நினைத்துவிடுவதே அடிக்கடி நடக்கும் கோளாறு. பிறகு பெட்ரோல் வால்வு. அணைக்கும்போது வால்வை மூடி ஓடவிட்டிருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகியிருக்கும். வால்வைத் திறந்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

இரண்டும் சரி என்றால் பெட்ரோல் சிலிண்டருக்குப் போகவில்லை. இந்த ஸ்ட்ராம்பெர்க்கில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. த்ராட்டிலை எத்தனை முறை முன்னும் பின்னும் ஆட்டினாலும் ஒரு சொட்டும் போகாது. கையால் இழுத்துத் தள்ளிப் பெட்ரோல் செலுத்தும் பிரைமர் பம்ப்தான் வழி. ஒரு முறை இழுத்துத் தள்ளுவது ஓர் 'அடி'. சென்னை போன்ற வெயிலில் ஆறிய எஞ்சினுக்கு 1 அல்லது 2 அடி போதும். 10 டிகிரி அளவில் 3 அல்லது 4, உறைநிலையை ஒட்டி 5 அல்லது 6. பிரைமரை மெதுவாக இழுங்கள், உறிஞ்சும் கனம் கையில் தெரிய வேண்டும். கனமே இல்லாமல் வந்தால் அது காற்றைத்தான் தள்ளுகிறது. அடித்து முடித்ததும் பிடியை உள்ளே தள்ளித் திருகிப் பூட்டுங்கள். பூட்டாத பிரைமர் எஞ்சின் ஓடும்போது பெட்ரோலை உறிஞ்ச விட்டுக் கரும்புகை கக்க வைக்கும்.

அதன் பிறகு ஸ்விட்ச் ஆஃபிலும் த்ராட்டில் மூடியபடியும் 4 முதல் 6 பிளேடு இழுத்துவிடுங்கள். கலவை உள்ளே இழுபடும். த்ராட்டிலை 6 மில்லிமீட்டர் அளவுக்குத் திறந்து, ஸ்விட்ச் போட்டு, இழுங்கள். நல்ல எஞ்சின் முதல் மூன்று இழுப்புக்குள் பிடித்துக்கொள்ளும். பத்து இழுத்தும் பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். களைத்த கையும் எரிச்சலும் சேர்ந்தால் கால் தவறான இடத்தில் விழும்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஏர் பாக்ஸிலிருந்து (கார்புரேட்டருக்குக் காற்று போகும் பெட்டி) சொட்டுகிறது

ஓவர்ஃப்ளோ. பிரைமரைக் கூடுதலாக அடித்துவிட்டீர்கள், அல்லது கார்புரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசி சரியாக மூடவில்லை. எப்படித் தெரியும்? வால்வைத் திறந்து வைத்து, எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு நிற்காவிட்டால் ஊசியில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. அந்த நிலையில் கிளப்ப வேண்டாம்.

வெறும் கூடுதல் பிரைமர் என்றால் பெட்ரோல் வால்வை மூடி, ஸ்விட்ச் ஆஃப் என்று குரல் கொடுத்து உறுதி செய்து, த்ராட்டிலை முழுவதும் திறந்து, பிளேடைத் தலைகீழ்த் திசையில் 8 முதல் 10 முறை தள்ளுங்கள். பின்னோக்கிச் சுழலும்போது இம்பல்ஸ் விடுபடாது, கூடுதல் பெட்ரோலும் வெளியே தள்ளப்படும். அடுத்த வரிதான் இந்தப் பகுதியிலேயே முக்கியமானது: த்ராட்டிலைத் திரும்ப மூடுங்கள், மூடியதை இருவரும் சொல்லிக் கேளுங்கள். முழுத் த்ராட்டிலில் பிடித்துக்கொண்ட கப், கட்டையைத் தாண்டி ஓடிய விபத்துகளின் முதல் அத்தியாயம் இந்த ஓவர்ஃப்ளோவைத் துடைக்கும் வேலைதான்.

திருப்பி அடிக்கிறது

பிளேடு கீழே வருவதற்குப் பதில் ஒரு வெடிப்போடு மேலே எகிறுகிறது என்றால் பிஸ்டன் உச்சிக்குப் போகுமுன்பே பொறி வந்துவிட்டது. உடனே நிறுத்துங்கள், 'இன்னொரு தடவை பார்ப்போம்' வேண்டாம். காரணங்களை நிகழும் வாய்ப்பு வரிசையில் சொன்னால்: ஒரு மக்னீட்டோவில் மட்டும் இம்பல்ஸ் இருக்க, ஸ்விட்ச்சை இரண்டும் என்ற நிலையில் வைத்துக் கிளப்பியிருப்பீர்கள். இம்பல்ஸ் இல்லாத மக்னீட்டோ, வேகமாக இழுத்தால் 30 பாகை முன்னாலேயே பொறி கொடுத்துவிடும். எதில் இம்பல்ஸ் இருக்கிறதோ அந்த ஒன்றில் மட்டும் கிளப்பி, ஓடிய பின் இரண்டுக்கும் மாற்றுங்கள். அடுத்தது, கொக்கி ஒட்டிய இம்பல்ஸ். அடுத்தது, சமீபத்தில் மக்னீட்டோவைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் தவறியிருக்கலாம். அரைமனதாக இழுப்பதும் ஒரு காரணம். பயந்து இழுத்த பிளேடு கம்ப்ரஷனைத் தாண்டாமல் நின்று, பொறியோடு திரும்பி வரும்.

ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதே வெடித்தது என்றால் விஷயம் மிகக் கடுமையானது. வீட்டு ஸ்விட்ச்சுக்கு நேர் எதிராக வேலை செய்வது மக்னீட்டோ ஸ்விட்ச். ஆஃப் என்பது மக்னீட்டோவின் கம்பியை எஞ்சின் உடலோடு இணைப்பது. அந்தக் கம்பி அறுந்தாலோ முனை கழன்றாலோ ஸ்விட்ச் எந்த நிலையில் இருந்தாலும் மக்னீட்டோ உயிரோடுதான் இருக்கும். பைலட்டுகள் அதை 'ஹாட் மேக்' என்கிறார்கள். எஞ்சினை நிறுத்துமுன் ஐடிலில், நிமிடத்துக்கு 700 சுற்றுக்குக் கீழே, ஸ்விட்ச்சை ஒரு நொடி ஆஃபுக்குத் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் இறங்கிச் சாகத் தொடங்க வேண்டும். சாகாமல் ஓடினால் கம்பி அறுந்திருக்கிறது. பெட்ரோல் வால்வை மூடி எஞ்சினை நிறுத்தி, பிளேடில் எச்சரிக்கை அட்டை மாட்டி, சரி செய்யும்வரை அதைக் கையால் அசைக்கவிடாதீர்கள். இந்த ஒரு நொடிச் சோதனையை ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு பிளேடும் உயிருள்ளது என்று நினைத்தே தொடுங்கள், ஏனென்றால் சிலிண்டருக்குள் கனலும் கரித்துண்டு பெட்ரோலைப் பற்ற வைக்க ஸ்விட்ச் தேவையில்லை.

சூடான எஞ்சின் மறுக்கிறது

பறந்து வந்து டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கோபித்துக்கொள்ளும். பிரைமரைத் தொடாதீர்கள், அதுதான் மருந்து. த்ராட்டில் லேசாகத் திறந்து, ஸ்விட்ச் போட்டு, இழுங்கள். பிடிக்காவிட்டால் ஓவர்ஃப்ளோவாக எண்ணிக் கையாளுங்கள். அரைமணிக்கு மேல் நின்றிருந்தால் ஒரே ஒரு அடி அடிக்கலாம்.

ஒரு சில நொடி ஓடி நின்றுவிடுகிறது

பிரைமர் கொடுத்த பெட்ரோலில் ஓடியது, கார்புரேட்டரிலிருந்து வரவில்லை. டேங்க் மூடியின் காற்றுத்துளையைப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருந்தால் பெட்ரோல் இறங்காது. அடுத்து வடிகட்டிக் கிண்ணம், அதன் சல்லடை. கிண்ணத்தின் வடிகாலைத் திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் நூலாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு மேலே இருக்கிறது.

டேங்க் மூடியில் எழுந்து நிற்கும் கம்பிதான் பெட்ரோல் அளவு காட்டி, அது கார்க் மிதவையில் குத்தியது. வார்னிஷ் போன கார்க் பெட்ரோலை உறிஞ்சி மூழ்கும், குறைவாகக் காட்டும். கம்பி சிக்கிக்கொண்டால் அதிகமாகக் காட்டும். எனவே குச்சி விட்டு அளந்த பின்னரே கம்பியை நம்புங்கள்.

கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடித்துத் தீ தெரிகிறது

ஏர் பாக்ஸில் தேங்கிய பெட்ரோல் பற்றியிருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஓடவிடுங்கள், தீயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடவில்லை என்றால் வால்வை மூடுங்கள், ஸ்விட்ச் ஆஃப், உள்ளே இருப்பவர் இறங்கட்டும், தீயணைப்பானை ஏர் பாக்ஸ் வாயில் அடியுங்கள். அணைப்பான் விமானத்துக்குள் அல்ல, வெளியே கைக்கெட்டும் தூரத்தில் முன்பே இருந்திருக்க வேண்டும்.

ஓடுகிறது, ஆயில் பிரஷர் முள் எழவில்லை

30 நொடி. அதற்கு மேல் காத்திருக்காதீர்கள். ஆயில் மாற்றிய பின்னோ நெடுநாள் நின்ற பின்னோ பம்ப்பில் ஆயில் வறண்டிருக்கும், பம்ப்பை நிரப்ப வேண்டும். ஆயில் தேங்கும் சம்ப்பின் கொள்ளளவு 4 குவார்ட் மட்டுமே என்பதால் ஒரு குவார்ட் குறைவு என்பது கால்பங்கு. சூடேறிய எஞ்சினில் பறக்கும் வேகத்தில் 30 முதல் 40 பிஎஸ்ஐ, ஐடிலில் 10க்குக் கீழே இறங்கக் கூடாது.

மக்னீட்டோ சோதனையில் சுற்று அதிகமாக விழுகிறது

1500 முதல் 1700 சுற்றில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 75 வரை விழலாம். 100க்கு மேல் விழுந்து, எஞ்சின் நடுங்கவும் செய்தால் ஒரு பிளக் வேலை செய்யவில்லை. நெடுநேர ஐடிலில் படிந்த ஈயமும் கரியும்தான் பெரும்பாலும் காரணம். 1800 சுற்றில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் எரிந்துபோகும். போகவில்லையா? கெட்ட மக்னீட்டோவில் மட்டும் அரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு எக்ஸாஸ்ட் குழாயிலும் தோசைக்கல்லில் தெளிப்பதுபோலத் தண்ணீர்த் துளி தெளியுங்கள். எதில் 'சுர்' என்ற சத்தம் வரவில்லையோ அதன் சிலிண்டரில் எரிப்பு நடக்கவில்லை. அந்த மக்னீட்டோவின் கம்பியைப் பிடித்துப் போனால் பிளக் கிடைக்கும்.

சுற்று கொஞ்சமும் விழவில்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம், மேலே சொன்ன ஹாட் மேக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

த்ராட்டிலைத் தள்ளினால் மூச்சடைத்து நிற்கிறது

பம்ப் இல்லாத கார்புரேட்டருக்கு அது இயல்பு. மூன்று நொடி எடுத்து மெதுவாகத் தள்ளுங்கள். மெதுவாகத் தள்ளியும் தடுமாறினால் இன்டேக் குழாய்களின் ரப்பர் இணைப்பில் விரிசலும் தளர்ந்த கிளாம்பும் தேடுங்கள்.

பறக்கும்போது சுற்று மெல்ல மெல்ல இறங்குகிறது

த்ராட்டிலைத் தொடவில்லை, மூக்கு உயரவில்லை, ஆனால் 2150 என்றிருந்தது 2050 ஆகிறது. கார்புரேட்டர் ஐஸ். ஏ-65 இதற்குப் பேர்போனது. பெட்ரோல் ஆவியாவதும் வென்சுரி என்ற குறுகலான பாதையில் காற்று விரிவதும் சேர்ந்து வெப்பத்தைப் பறிப்பதால், வெளியே 20 டிகிரி இருக்கும் ஈரமான நாளிலும் உள்ளே பனி படியும். 38 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்திலும் படியக்கூடும், வெயில் நாடு என்று நிம்மதி கொள்ள முடியாது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடியான கார்ப் ஹீட்டை முழுவதும் இழுங்கள். சுற்று இன்னும் இறங்கும், எஞ்சின் உருகிய தண்ணீரை விழுங்கிக் குலுங்கும். இந்த இடத்தில் பயந்து திரும்ப உள்ளே தள்ளுவதுதான் தவறு. அரை நிமிடமாவது பொறுங்கள், சுற்று ஏறும். அரைகுறையாக இழுக்கவும் கூடாது. இறங்கத் த்ராட்டிலை மூடுமுன்பே ஹீட்டைப் போடுங்கள், ஏனென்றால் மூடிய பின் அதற்குத் தேவையான சூடே எஞ்சினில் இருக்காது.

கிளம்பும்போது இடப்பக்கம் இழுக்கிறது

கோளாறு அல்ல, இது காற்றியக்கம். வால் கீழே இருக்கும்போது வலப்பக்கம் இறங்கும் பிளேடு கூடுதலாக இழுக்கிறது, சுருண்டு வரும் காற்று வாலைத் தட்டுகிறது, எஞ்சின் முறுக்கு இடது சக்கரத்தை அழுத்துகிறது. வாலை உயர்த்தும் நொடியில் சுழலும் பிளேடு கைரோஸ்கோப் போல நடந்து, மூக்கை மேலும் இடப்பக்கம் தள்ளுகிறது. ஆகவே ஸ்டிக்கை முன்னே தள்ளுவதும் வாலைத் திருப்பும் ரட்டரின் வலது பெடலை அழுத்துவதும் ஒரே செயலாக வர வேண்டும். வாலை வெடுக்கென்று தூக்காதீர்கள். இடமிருந்து குறுக்குக் காற்று அடித்தால் எல்லாமே ஒரே பக்கம் சேரும்.

காற்றில்லாத நாளிலும் வலது பெடல் போதவில்லை என்றால் இடது பிரேக் உரசுகிறதா, இரண்டு டயரிலும் காற்று சமமா, வால் சக்கர இணைப்பு ஸ்பிரிங் ஒன்று நீண்டுவிட்டதா என்று பாருங்கள்.

வால் சக்கரம் படபடவென்று ஆடுகிறது

வால் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து தட்டையாகிவிட்டன. சக்கரம் திரும்பும் அச்சின் உச்சி அப்போது முன்னால் சாய்ந்துவிடும். பயணியும் பெட்ரோலும் ஏற்றிய நிலையில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அச்சு செங்குத்தாகவோ உச்சி சற்றுப் பின்னாலோ இருக்க வேண்டும். பட்டைகளை மாற்றாமல் திருகை இறுக்கி மட்டும் விட்டால் அடுத்த வாரம் மறுபடி ஆடும்.

இறங்கும்போது துள்ளுகிறது

சக்கரம் தரையைத் தொடும்போது விமானத்தில் இன்னும் பறக்கும் வேகம் மிச்சம். வால் தாழ்கிறது, இறக்கையின் கோணம் கூடுகிறது, விமானம் மறுபடி எழுகிறது. ஸ்டிக்கை முன்னே குத்தித் துரத்தாதீர்கள், அடுத்த துள்ளல் பெரிதாகும். சிறியதென்றால் ஸ்டிக்கை நிலையாகப் பிடித்து, சற்றே த்ராட்டில் கொடுத்து, மூன்று சக்கரமும் சேர்ந்து தொடும் நிலையில் இறக்குங்கள். பெரியதென்றால் முழுத் த்ராட்டில், ஒரு சுற்று வந்து மறுபடி. இறங்குமுன் வேகம் மணிக்கு 60 மைலுக்கு மேல் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள், விடை பெரும்பாலும் அங்கேதான்.

வேகம் சரியாக இருந்தும் ஒரே பக்கம் சாய்ந்து துள்ளினால், நிற்கும் விமானத்தை முன்னாலிருந்து பாருங்கள். ஒரு இறக்கை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கக் காலின் ரப்பர் வடம் நீண்டுவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இறங்கிய பின் வால் முன்னால் வரப் பார்க்கிறது

கப்பின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரியும், கோணம் கொஞ்சம் விழுந்தால் அது தானே வளரும். மூக்கு 2 பாகை விலகும்போது பெடலை ஒரு தட்டுத் தட்டி உடனே விட்டால் போதும், 15 பாகை விலகிய பிறகு முழுப் பெடலும் போதாது. பார்வையை மூக்கில் வைக்காமல் ஓடுபாதையின் முடிவில் வையுங்கள், விலகல் அங்கேதான் முதலில் தெரியும். ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடியுங்கள், வால் சக்கரத்தில் எடை இருந்தால்தான் அது திருப்பும். குறுக்குக் காற்று இருந்தால் வேகம் குறையக் குறைய இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஏய்லரானைக் காற்று வரும் பக்கம் முழுமைக்கும் கொண்டு போங்கள். வேகம் நடை அளவுக்குக் குறையும்வரை கால்களுக்கு ஓய்வு கிடையாது. பெரும்பாலான கிரவுண்ட் லூப்புகள், அதாவது தரையிலேயே வட்டமடித்துச் சுழன்றுவிடுவது, 'அப்பாடா, இறங்கியாச்சு' என்று கால் தளர்ந்த பிறகே நடக்கின்றன.

சுழல் தொடங்கிவிட்டால் எதிர்ப் பெடல் முழுவதும், அந்தப் பக்கப் பிரேக் ஒரு தட்டு. முன்னால் இடம் இருந்தால் ஒரு நொடி த்ராட்டில் கொடுங்கள், ரட்டருக்குக் காற்று கிடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைப் பின்னே வைத்து விட்டுவிடுங்கள்.

மெதுவாகச் சுழன்று எதிலும் இடிக்காமல் நின்றாலும் அன்றைக்குத் திரும்பப் பறக்காதீர்கள். வெளிப்பக்கச் சக்கரத்தின் அச்சு, காலின் பொருத்துமிடங்கள், ஸ்ட்ரட்டின் கீழ் முனை, அந்தப் பக்க இறக்கை நுனியின் வளைவுச் சட்டம், ஏய்லரான் கீல் ஆகியவற்றைப் பாருங்கள். துணியில் புதிதாக விழுந்த மெல்லிய பெயிண்ட் விரிசலோ சுருக்கமோ உள்ளே சட்டம் வளைந்திருப்பதைக் காட்டும். அந்த இடத்தில் ஆய்வுத் துளையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.